அப்பாவின் கடைப் பெட்டிகள்: எடைக்குப் போடுவதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இதுதான். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா 38 வருடம் ரேடியோ, டிவி மெக்கானிக்காக இருந்தவர். கண் பார்வை மங்கிவிட்டதால் கடையைக் காலி செய்கிறார்கள். பதினைந்து அட்டைப்பெட்டி, இரண்டு சாக்குமூட்டை, ஒரு மர பீரோ நிறைய பழைய போர்டுகளும் பாகங்களும் இருக்கின்றன. காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு மொத்தமாக எடைக்குக் கேட்கிறார். "தந்துவிடலாமா? இதையெல்லாம் பாகமாக வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்களா? இருந்தால் எங்கே தேடுவது?"

இப்போதைக்குத் தராதீர்கள். மூன்று மாதம் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். கடை வாடகை ஓடிக்கொண்டிருந்தால் பெட்டிகளை வீட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் மட்டும் வைக்க வேண்டாம், சூடும் மழை ஈரமும் சேர்ந்தால் பாகங்களின் உலோகக் கால்கள் கறுத்துப்போகும். காயலான் கடைக்குப் போக வேண்டியது எப்படியும் நிறைய மிஞ்சும். என் அனுபவத்தில் இப்படி ஒரு கடைச் சரக்கில் எடைப்படி பார்த்தால் பத்தில் எட்டுப் பங்கு அங்கேதான் போகும். ஆனால் பணத்தில் பெரும்பகுதி அந்த மீதி இரண்டு பங்கில்தான் இருக்கும். எது அந்த இரண்டு பங்கு என்று தெரியாமல் மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதுதான் நஷ்டம்.

காயலான் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் இருப்பது தராசு. செம்பு, அலுமினியம், இரும்பு, போர்டு என்று நாலைந்து விலைதான் அவருக்குத் தெரியும், அந்த விலையை நியாயமாகவே கொடுப்பார். பாகத்தின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அங்கே மதிப்பு இல்லை. அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருப்பவர் வேறு எங்கோ இருக்கிறார். அவருடைய மிஷினோ ரேடியோவோ ஆம்ப்ளிஃபயரோ அந்த ஒரு பாகம் இல்லாமல் நின்றுகிடக்கிறது. "எலக்ட்ரானிக் பாகம் வாங்குபவர் யார்?" என்று தேடினால் யாரும் அகப்பட மாட்டார்கள். "இந்த எண் இல்லாமல் யாருடைய பொருள் நின்றுபோயிருக்கும்?" என்று ஒவ்வொரு பாகத்துக்கும் கேட்டுப் பாருங்கள், ஆள் தெரிய ஆரம்பிப்பார்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஆம்ப்ளிஃபயரும் தொழிற்சாலை போர்டுகளும் சர்வீஸ் செய்கிறேன். மூடிய கடைகளின் சரக்கை வாங்கிப் பிரித்து விற்றும் இருக்கிறேன். முதல்முறை வாங்கியபோது ஒரு பால்பவுடர் டப்பா நிறைய வெள்ளி நிறத்தில் சின்னச் சின்ன டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஏசி128, ஏசி188. எழுபதுகளின் ரேடியோவில் இருந்தவை, இனி யாருக்கு வேண்டும் என்று மூட்டையோடு எடைக்குப் போட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து பெங்களூரில் கிதாருக்கு எஃபெக்ட் பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டி) செய்யும் ஓர் இளைஞர் அதே எண்ணைக் கேட்டு, எத்தனை இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று போன் செய்தார். அந்த டப்பாவை இன்றும் நினைத்துக்கொள்வேன். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் வேலை: அப்பாவை உட்கார வைத்து ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காட்டுங்கள். கண் மங்கியிருந்தாலும் கையில் கொடுத்தால் சொல்லிவிடுவார். எது புதிதாக வாங்கி வைத்தது, எது ஓடிக்கொண்டிருந்த செட்டில் கழற்றியது, எது கெட்டுப்போய் அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாகப் போட்டது, இந்த மூன்றும் அவருக்கு மட்டும்தான் தெரியும். வாங்குபவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான். அவர் சொல்லச் சொல்ல ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிக்கொண்டே போங்கள்.

இப்போது பெட்டிக்குள் போவோம்.

வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்) இருந்தால் அவற்றைத் தனியாக, உயரமாக, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். துடைக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பழைய வால்வுகளில் கண்ணாடி மேல் உள்ள எழுத்து லேசான மையில் அச்சடித்தது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் எண்ணும் போய்விடும், கம்பெனி பெயரும் போய்விடும். பெயர் போனால் விலையும் போயிற்று. தூசியை மெல்லிய பிரஷால் எழுத்தைத் தொடாமல் தட்டிவிட்டால் போதும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உச்சியிலோ பக்கவாட்டிலோ உள்புறமாக, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வெள்ளி பளபளப்பு இருக்கும். அது அப்படியே இருந்தால் உள்ளே வெற்றிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த இடம் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்துவிட்டது. மீட்டரில் இழை தொடர்பு காட்டுவது மட்டும் போதாது. அது பல்பு எரியும் என்பதற்குத்தான் சாட்சி, வால்வு வேலை செய்யும் என்பதற்கு இல்லை. சோதிக்கக் கருவி இல்லையென்றால் "இழை சரி, மற்றபடி சோதிக்கவில்லை" என்று அப்படியே எழுதுங்கள்.

பெங்களூரில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகளையும் 1962இல் ஜெர்மானியம் (சிலிக்கானுக்கு முந்தைய வகை) டிரான்சிஸ்டர் வகைகளையும் தயாரிக்கத் தொடங்கியது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பழைய சரக்கில் பெல் என்ற முத்திரை அதிகம் தென்படுவது அதனால்தான். ஈசிசி83, ஈசிசி82, ஈஎல்84 இந்த எண்கள் இருந்தால் நல்ல வாங்குபவர் உண்டு. கிதார் ஆம்ப்ளிஃபயர்களிலும் வால்வு ஸ்டீரியோக்களிலும் இதே எண்கள் இன்றும் ஓடுகின்றன. மல்லார்டு, பிலிப்ஸ், டெலிஃபங்கன் பெயர் தாங்கிய வால்வுகளுக்கு உலகம் முழுவதும் ஆள் இருக்கிறது. டிவியில் மட்டும் பயன்பட்ட வால்வுகளுக்கு அந்த அளவு கேட்பு இல்லை. அவற்றை ஒரு கட்டாக ரேடியோ சீரமைப்பவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் எடைக்குப் போட்ட டப்பாவில் இருந்தவை இந்த வகைதான். கிதார் பெடல்காரர்களுக்கு ஏசி128 பிடிப்பது அதன் கரகரப்பான ஒலிக்காக. ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் பெருக்கம் 60, அதே டப்பாவில் அடுத்ததில் 130. கசிவும் (தேவையில்லாமல் ஒழுகும் மின்சாரம்) அப்படியே மாறும். ஆகவே அளந்து, எண் எழுதி, இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துக் கொடுத்தால் அளக்காமல் கொடுப்பதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. விரலால் பிடித்து மீட்டரில் செருகியவுடன் பார்த்தால் எண் ஏறிக்கொண்டே போகும். பாகம் கெட்டதல்ல, உங்கள் விரல் சூட்டில் கசிவு கூடுகிறது. செருகிவிட்டுக் கையை எடுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள், எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதைத்தான் எழுத வேண்டும். ஏஎஃப்117 என்று நாலு கால் உள்ளது கிடைத்தால் மட்டும் எச்சரிக்கை. அந்தக் கூட்டுக்குள் வெள்ளீயம் நூல்போல் முடி வளர்ந்து உள்ளே ஷார்ட் ஆகிவிடும், பிரிக்காத டப்பாவில் இருந்ததுகூட அப்படி ஆகியிருக்கும். சோதிக்காமல் விற்றால் திரும்பி வரும்.

பவர் டிரான்சிஸ்டர்கள் வேறு உலகம். இவற்றை வாங்குபவர் வெளிநாட்டில் இல்லை, உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விடுபவர்களும் அவர்களுடைய ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்பவர்களும்தான். 2என்3055 என்ற இரும்புத் தொப்பி டிரான்சிஸ்டர் தமிழ்நாட்டில் எத்தனை கோவில் குழாய்களைப் பேச வைத்திருக்கிறது! இன்று கடையில் கிடைக்கும் புதியவற்றில் போலி அதிகம். தோஷிபா 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில் போலி இன்னும் மோசம். வெளியே அதே எழுத்து, உள்ளே அசலைவிட மிகச் சின்ன சிலிக்கான் துண்டு. ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் வெடித்துவிடும். அதனால் பழைய கம்பெனி செட்டில் கழற்றிய அசலுக்கு மெக்கானிக்குகள் மத்தியில் தனி மரியாதை உண்டு. இங்கே ஒரு விஷயம்: காலில் ஒட்டியிருக்கும் பழைய ஈயத்தைச் சுரண்டிப் புதிதுபோல் ஆக்காதீர்கள். அந்த ஈயம்தான் இது செட்டில் ஓடிய அசல் என்பதற்கு அத்தாட்சி. முடிந்தால் கழற்றுவதற்கு முன்பு செட்டோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அதே ஆட்களிடம் 12-0-12, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர்கள், சூட்டை இறக்கும் பெரிய அலுமினிய ஹீட்சிங்க், ஹாரன் டிரைவர் யூனிட், மைக் டிரான்ஸ்ஃபார்மர், ஊசி அசையும் மீட்டர், எல்ஏ4440 போன்ற ஐசி எல்லாம் போகும். செம்புக்காக டிரான்ஸ்ஃபார்மரை உடைத்துவிடாதீர்கள். ஓல்ட்டேஜ் அளந்து மேலே எழுதினாலே அது டிரான்ஸ்ஃபார்மராக விலைபோகும். செம்பு விலை எப்போதும் காத்திருக்கிறது, கடைசியில் கூட வாங்கிக்கொள்ளலாம்.

இனி போர்டுகள். அப்பா கடைசிப் பத்து வருடம் எல்இடி டிவி பார்த்திருந்தால், பேனல் உடைந்த டிவிகள் நிச்சயம் இருக்கும். பேனல் மாற்றுவது புது டிவி விலைக்கு நெருங்கிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளே இருக்கும் மெயின் போர்டு, பவர் போர்டு, டீகான் போர்டு (பேனலுக்குப் படத்தை அனுப்புவது) மூன்றும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். இதற்குத்தான் இன்று நம் ஊரில் வேகமான சந்தை. டிவி மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் தினமும் "இந்த மாடல் மெயின் போர்டு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பாவின் பழைய சிநேகிதர்கள் யாராவது அந்தக் குழுவில் இருப்பார்கள், அவர் வழியாகச் சேருங்கள். படம் எடுக்கும்போது டிவி பின்புற ஸ்டிக்கர், போர்டின் மேல் அச்சான எண், பேனலின் மேல் ஒட்டியிருக்கும் எண், மூன்றையும் எடுங்கள். ஒரே மாடல் டிவியிலேயே கம்பெனி இரண்டு மூன்று விதப் பேனல் போட்டிருக்கும். மெயின் போர்டில் உள்ள மென்பொருள் அந்தப் பேனலுக்கு ஏற்றது. பேனல் எண் சொல்லாமல் அனுப்பினால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரும், உங்களுக்குக் கெட்ட பெயர்.

பெரிய பணம் இருக்கும் இடம் ஒன்று உண்டு. டிவிக் கடையில் அது அகப்படுவது அபூர்வம், ஆனாலும் மூட்டைக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொழிற்சாலை போர்டுகள். கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து மில்களில் இருபது, முப்பது வருட மிஷின்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் கண்ட்ரோல் கார்டைச் செய்த கம்பெனி அதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருக்கும். சீமென்ஸின் எஸ்5 வகை பிஎல்சி (மிஷினை இயக்கும் சின்னக் கணினி) ஓர் உதாரணம். புதிய வகைக்கு மாற வேண்டுமென்றால் மிஷினின் வயரிங், புரோகிராம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதற்குள் எத்தனை ஷிப்ட் போகும்! ஒருமுறை ராஜபாளையத்திலிருந்து ஒரு மில்லின் எலக்ட்ரீஷியன் இரவு பஸ் பிடித்து விடிகாலையில் என் கடை வாசலில் நின்றார். நான் ஒரு போர்டின் படத்தைப் போட்டிருந்தேன். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய தன் எரிந்த போர்டை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கனெக்டராக விரல் வைத்து எண்ணினார். எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து மட்டும் மாறியிருந்தது. "போட்டுப் பார்த்துப் பணம் அனுப்புகிறேன், சரியா?" என்றார். சரி என்றேன். மறுநாள் மதியம் மிஷின் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினார், பணமும் வந்தது. காயலான் கடையில் அந்த போர்டு அரைக் கிலோ கூட வராது.

அதனால் தொழிற்சாலை போர்டில் இருந்து ஐசியைக் கழற்றாதீர்கள். முழு போர்டாகவே வையுங்கள், உடைந்திருந்தாலும் சரி. ஆர்டர் எண் உள்ள ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். மில் பராமரிப்பு எலக்ட்ரீஷியன்களும் போர்டு சர்வீஸ் செய்பவர்களும் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். கடைசி எழுத்தையும் விடாமல் எழுதுங்கள்.

ரேடியோ சேகரிப்பவர்கள் இன்னொரு கூட்டம். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், எச்எம்வி வால்வு ரேடியோக்களை வாங்கிப் பழையபடி பாட வைப்பது இவர்களுக்குப் பெரிய ஆசை. உள்ளிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கூட எப்படியாவது அமைந்துவிடும், கையால் திருகும் நாலு நாபில் ஒன்று தொலைந்திருந்தால் அதற்குத்தான் வருடக்கணக்கில் அலைவார்கள். எனவே நாப், டயல் கண்ணாடி, பின்பக்க அட்டை, பட்டன், கம்பெனி பெயர்த்தகடு எதையும் குப்பை என்று நினைக்காதீர்கள். கேங் கண்டன்சருக்கு (ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றச் சுழலும் தகடுகள்) இரண்டு பக்கமும் போட்டி உண்டு, இவர்களும் கேட்பார்கள், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ஒயர்லெஸில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களும் கேட்பார்கள். தகடுகள் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். அனுப்பும்போது தகடுகளை முழுக்க உள்ளே மூடிவைத்துக் கட்டுங்கள், திறந்திருந்தால் வழியிலேயே வளைந்துவிடும். ஹாம்களுக்கு 807 வால்வு, கிரிஸ்டல், பீங்கான் வால்வு பேஸ், கோஆக்ஸ் கனெக்டர் இவையும் வேண்டும். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி போல ஊர் ஊருக்குச் சங்கங்கள் இருக்கின்றன. இவர்கள் பொதுவாக விலையில் நேர்மையானவர்கள், பொருளைப் பற்றி நமக்கே கற்றுக்கொடுப்பார்கள்.

ஐசிகளில் ஒரு சலி சலித்துப் பாருங்கள். மேலே சின்னக் கண்ணாடி ஜன்னல் உள்ள ஈப்ராம்கள் (புரோகிராம் பதிந்துவைக்கும் சில்லுகள்), 2716, 2732, 2764 போன்றவை, பழைய மிஷின்களுக்கு இன்றும் தேவை. ஜன்னல் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் உள்ளிருக்கும் புரோகிராம் நாளடைவில் அழியும். இசட்80 பிராசசர் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். 1976 முதல் விற்ற அந்தச் சில்லுக்கு 2024 ஜூன் மாதத்தோடு கடைசி ஆர்டர் எடுத்துவிட்டு ஜைலாக் கம்பெனி நிறுத்திவிட்டது. ஐசியின் இரண்டாவது வரியில் 8732 என்பதுபோல் நாலு இலக்கம் இருந்தால், பெரும்பாலும் அது 1987ஆம் வருடம் 32ஆம் வாரம் செய்தது என்று பொருள். வாங்குபவர் அதைக் கேட்பார், எழுதிவிடுங்கள். ஐசிகளைத் தெர்மாகோலில் குத்தி வைக்கும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. தெர்மாகோலில் உருவாகும் ஸ்டாட்டிக் மின்சாரம் சில வகை ஐசிகளைக் கொன்றுவிடும். மின்சாரம் கடத்தும் கறுப்பு ஃபோம் இல்லையென்றால் தெர்மாகோல் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி அதில் குத்துங்கள், எல்லாக் கால்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடும்.

எடைக்கே போடலாம் என்று தயங்காமல் சொல்லக்கூடியவை: வயதான எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் (பெட்டிக்குள்ளேயே காய்ந்திருக்கும்), சாதாரண ரெசிஸ்டர்கள், சிடி டிரைவ், பிக்சர் டியூப் டிவி போர்டுகளில் பெரும்பாலானவை, யோக் (பிக்சர் டியூப் கழுத்தில் இருக்கும் கம்பிச் சுருள்), டேப் ரெக்கார்டர் பெல்ட். பெல்ட் தார்போல் உருகி ஒட்டும். ஆனால் டேப்பின் ஹெட், மோட்டார், மெக்கானிசம் முழுசாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிண்டரின் ஸ்டெப்பர் மோட்டாரும் இரும்புத் தண்டும் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்களுக்குப் பயன்படும். அவர்களிடம் பெரிய காசு வராது. குறைத்தே கொடுங்கள் என்பது என் விருப்பம்.

எங்கே விற்பது? உள்ளூர் மெக்கானிக் குழுக்களைச் சொல்லிவிட்டேன். சென்னை ரிச்சி தெருவுக்கும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவுக்கும் ஒருநாள் போய் வருவது நல்லது. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூட்டையோடு வந்தவர் திரும்பத் தூக்கிச் செல்ல மாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரியும், விலை அங்கேயே விழுந்துவிடும். பட்டியலும் படங்களும் பத்துப் பதினைந்து மாதிரிகளும் போதும். ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து வார நாளில் காலையில் போங்கள். முதல் கடையில் கேட்கும் விலையில் கொடுக்காதீர்கள், நாலு கடை ஏறி இறங்குங்கள். எந்த எண்ணுக்கு இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தகவலே பயணச் செலவுக்கு ஈடு. பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு, டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட் ஆகியவையும் இதே மாதிரி இடங்கள்தான், அங்கே நேரில் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இணையத்தில் ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் போடலாம். "பழைய எலக்ட்ரானிக் சாமான்கள், மொத்தமாக" என்று எழுதினால் மறுபடியும் காயலான் கடைக்காரர்தான் வருவார். தலைப்பிலேயே எண்ணை எழுதுங்கள், ஒரு பொருளுக்கு ஒரு விளம்பரம். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது, ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அதன் வழியாக விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு ஏற்றுமதி இறக்குமதி கோட் என்ற பதிவு எண் வாங்க வேண்டும், கஸ்டம்ஸ் தாள்கள் எழுத வேண்டும். ஒரே ஒரு கடையின் சரக்குக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பேன். வால்வும் ஜெர்மானியமும் கணிசமாக இருந்தால், ஏற்கனவே ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். விலை தெரிந்துகொள்ள மட்டும் ஈபேயைப் பயன்படுத்துங்கள். அங்கே கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யாரும் எவ்வளவும் கேட்கலாம். விற்று முடிந்தவை என்று வடிகட்டிப் பாருங்கள், உண்மையில் கைமாறிய விலை அதில் தெரியும்.

விலை சொல்ல என் வழக்கம் இது. கடையில் இன்றும் புதிதாகக் கிடைக்கும் பாகம் என்றால் புது விலையில் பாதிக்குமேல் கேட்பதில்லை. அசல் கிடைக்காமல் போலி மட்டும் கிடைக்கிறது என்றால் புது விலையே கேட்பேன். உற்பத்தியே நின்றுவிட்டது என்றால், வாங்குபவரிடம் "இது எதற்கு வேண்டும்?" என்று முதலில் கேட்பேன். மில்லுக்கு ஒரு விலை, கல்லூரிப் பையனுக்கு ஒரு விலை. இது நியாயமா என்று சிலர் கேட்பார்கள், எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

திருப்பி எடுக்கும் வாக்கு கட்டாயம் கொடுங்கள். ஏழு நாளில் வேலை செய்யவில்லை என்றால் பணம் வாபஸ். பழைய பாகம் வாங்க எல்லோரும் பயப்படுகிறார்கள், இந்த ஒரு வரி அந்தப் பயத்தைப் பாதி தீர்க்கும். கெட்டுப்போனது என்று தெரிந்ததை ஒருபோதும் நல்லது என்று கொடுக்காதீர்கள். அப்பா 38 வருடம் காப்பாற்றிய பெயர் அந்தப் பெட்டிகளோடுதான் வெளியே போகிறது.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை. எந்த பவர் போர்டையும் தொடுமுன் பெரிய கண்டன்சரைச் சோதியுங்கள். நம் 230 வோல்ட்டை நேராக்கினால் அதில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில செட்டுகளில் அது இறங்காமல் இருக்கும். ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்கிவிட்டு மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை கூரியரில் அனுப்பவே கூடாது. ஒயர்லெஸ் செட்டுகளின் பெரிய பவர் டிரான்சிஸ்டர்களில் வெள்ளைப் பீங்கான் இருந்தால் அதை உடைக்கவோ அராவவோ கூடாது. சிலவற்றில் அது பெரிலியம் ஆக்சைடு, அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஐசியிலிருந்தும் கம்ப்யூட்டர் ராமிலிருந்தும் ஆசிட் ஊற்றித் தங்கம் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்து வீட்டுக் கொல்லையில் முயல வேண்டாம். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பதும் வேண்டாம், அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

ஒரு சட்ட விஷயம். சொந்தக் கடைச் சரக்கைப் பிரித்து விற்பது வேறு, ஊரெல்லாம் பழைய டிவி, கம்ப்யூட்டர் வாங்கிப் பிரிப்பதைத் தொழிலாக நடத்துவது வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, புதுப்பித்து விற்கும் தொழிலுக்கும் மறுசுழற்சித் தொழிலுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு வேண்டும். இந்த அனுபவத்தில் ருசி கண்டு நீங்கள் தொழிலாக இறங்க நினைத்தால் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மிஞ்சும் போர்டுகளையும் பிக்சர் டியூப்களையும்கூடப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கே கொடுக்கப் பாருங்கள். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துக் குப்பையில் போடக்கூடாது. யூபிஎஸ் பேட்டரிகளை பேட்டரிக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முயலாதீர்கள், சலித்துப்போய் மூன்றாம் நாள் காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டுவிடுவீர்கள். இருபது பொருளை மட்டும் எடுத்துப் படம் பிடித்துப் பட்டியல் போடுங்கள். அதில் எதற்குப் போன் வருகிறது என்று பார்த்து, அதே வகையை மூட்டைகளில் தேடுங்கள். மர பீரோவிலிருந்து ஆரம்பிக்கலாம். மெக்கானிக்குகள் நல்ல சரக்கை மூட்டையில் போடுவதில்லை, பூட்டு உள்ள இடத்தில்தான் வைப்பார்கள். சாவி அப்பாவிடம் இருக்கும்.